நாளைக்கு வர்றேன்

"எந்த மரமா இருந்தா இன்னா? கெளைய ஒடிச்சு சொருவி வையி. ரோட்டுலேந்து பாத்தா பச்சையாத் தெரியணும், அவ்ளோதான்" என்றார் காண்ட்ராக்டர் அரங்கநாதன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் மூடிப்போன கல் குவாரி. தோண்டிக் கொட்டிய மண் செங்குத்தாக நின்றது. அதில் ஐந்நூறு கன்று நட்டு வளர்க்கச் சொல்லி உத்தரவு. அரங்கநாதன் ஒரு கன்றுகூட வாங்கவில்லை. மறுநாள் காலை அதிகாரி இந்துமதி பார்வையிட வருகிறார்.

சரிவுக்கு நேர் கீழே கூலியாள் விருத்தாம்பாளின் வீடு. போன மழையில் உருண்டு வந்த கல், மாட்டுக் கொட்டகையை நொறுக்கியிருந்தது.

"மரம் வந்தா மண்ணு சரியாதுன்னாங்களே மொதலாளி. இந்த மழைக்கு என் வூடே போயிடும்" என்றாள்.

"அதெல்லாம் அப்பறம் பாக்கலாம்."

அவள் தன் வேலியிலிருந்த பூவரசையும் கிளுவையையும் ஒடித்து வந்து செருகினாள்.

காலையில் இந்துமதியிடமிருந்து போன் வந்தது. "இன்னைக்கு மீட்டிங் சார். நாளைக்கு வர்றேன்."

அரங்கநாதன் பதறிப்போனார். "குச்சி வாடிடப் போவுது. தண்ணி ஊத்துங்க."

மறுநாள் மேடத்துக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் ஜீப் ரிப்பேர். ஒரு நாள் யாருக்கோ காதுகுத்து. ஒவ்வொரு முறையும் "நாளைக்கு வர்றேன்."

வேரில்லாத குச்சிகளுக்கு டேங்கரில் தண்ணீர் வந்தது. வெயில் படாமல் பச்சை வலை கட்டினார்கள். ஆடு கடிக்காமல் இருக்க வாட்ச்மேன் வேறு.

"சோம்பேறிப் பொம்பள. சம்பளம் மட்டும் கரெக்டா வாங்கிடும்" என்று தினமும் அர்ச்சனை செய்தார் அரங்கநாதன்.

நாற்பத்தோராவது நாள் இந்துமதி வந்தார். மூச்சு வாங்க மேலேறி ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அப்போதும் வரவில்லை. சரிவு முழுக்கத் துளிர்.

விருத்தாம்பாள் அழுதேவிட்டாள். அரங்கநாதனுக்கோ எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"எங்க வேல சுத்தம் மேடம். நீங்கதான் நாப்பது நாளா இழுத்தடிச்சிட்டீங்க."

"மொத நாள் விடியறப்பவே பஸ்ல வந்து இறங்கிப் பாத்துட்டேன் சார். எல்லாம் ஒடிச்சு சொருகின குச்சி. ஆனா தண்ணி விட்டா வேர் பிடிக்கிற ஜாதி."

இந்துமதி கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"அன்னைக்கே உங்க முன்னாடி வந்து நின்னிருந்தா, கேஸ் எழுதிட்டுப் போயிருப்பேன். அதுக்கப்பறம் யாரு சார் தண்ணி ஊத்தியிருப்பாங்க?"