வீரமுத்து தொலைத்த கல்

"அப்பா! கல்லை எடுங்க, சீக்கிரம்! லோஷினிய பாம்பு கடிச்சிருச்சு!"

வசந்தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி வந்தான். காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள். கணுக்காலில் பல் பதிந்த தடம். சுற்றிலும் வீக்கம் ஏறத் தொடங்கியிருந்தது.

வீரமுத்து நேராகச் சாமி மேடைக்குப் போனார். ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் யாரைப் பாம்பு கடித்தாலும் அவர் வீட்டுக்குத்தான் தூக்கி வருவார்கள். அவருடைய கறுப்பு விஷக்கல் கடிவாயில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும், விஷத்தை உறிஞ்சியதும் தானாக விழும், பாலில் போட்டால் சுத்தமாகிவிடும். இது ஊர் நம்பிக்கை. போன வருடம் அவர் மனைவி கஸ்தூரி இறந்த பிறகு கல்லுக்கு வேலை வரவில்லை.

முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் குனிந்து நின்றவர், கல் வைத்திருக்கும் செம்பை வெறுமையாக எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"இங்கதானே வெச்சிருந்தேன்... காணோமே! நீ காரை எடுடா."

"என்னப்பா விளையாடுறீங்களா? நல்லாத் தேடுங்க!"

"என்னை ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க," என்று லோஷினி அழுதாள்.

"குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விஷம் தலைக்கு ஏறிடும்லா! அம்மாவுக்குக் கல்லை லேட்டா வெச்சதாலதான் போயிட்டாங்க. உன்னை அப்படி விட மாட்டேன்."

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா கிண்ணத்தில் பாலோடு ஓடி வந்தாள். "அண்ணே, பால் தயாரா இருக்கு. கல் எங்க?"

"அதைத்தான் தேடுறேன் தாயி."

செருப்பு அலமாரியைக் கிளறினார். டிவிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு ஐஸ்பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

வசந்தன் கத்தினான். "ஐஸ்பெட்டியில யாராவது கல் வைப்பாங்களா?"

"எனக்கே ஒண்ணும் புரியலடா."

"அலமாக்! ஊர்க்காரன் காலுக்கெல்லாம் ஓடி ஓடி வெச்ச மனுசன், சொந்த மருமகளுக்குன்னா தொலைச்சிட்டு நிக்கிறாரே!" வெள்ளையம்மா வாயில் கை வைத்தாள்.

லோஷினி கலங்கிய கண்களோடு அவரைப் பார்த்தாள். "மாமா... அன்னைக்கு நான் கல்லைக் கேலி பண்ணேனே, அந்தக் கோவமா?"

வீரமுத்து அடுப்படிக்குப் போய் அரிசி டின்னைக் கவிழ்த்தார். அரிசி தரையெல்லாம் சிதறியது. கல் மட்டும் இல்லை.

"கண்ணைத் திறக்க முடியலைங்க..." லோஷினியின் குரல் குழறியது.

வசந்தன் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இந்த மனுசனை நம்பினா இவளும் போயிடுவா!" என்று கத்தி, அவளைத் தூக்கிக் காரில் போட்டான். வெள்ளையம்மாவும் கூடவே ஏறினாள். "இவளுக்கு ஏதாவது ஆச்சு, உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்!" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான் வசந்தன்.

"கால் அசையாமப் பிடிச்சுக்க தாயி!" கேட் வரைக்கும் ஓடினார் வீரமுத்து. கார் போய்விட்டது.

சிதறிய அரிசியைக்கூட அள்ளாமல் கைப்பேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அது அடித்தது.

"மருந்து ஏத்திட்டாங்கப்பா. சரியான நேரத்துல கொண்டு வந்தீங்க, இனிமே பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்." வசந்தன் குரலில் இன்னும் கோபம் ஆறவில்லை. "கல் கிடைச்சுதா?"

"இல்லடா."

போனை வைத்துவிட்டு, கைலி மடிப்பிலிருந்து அந்தக் கறுப்புக் கல்லை எடுத்தார். மாலை போட்ட மனைவியின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"லேட்டா வெச்சேன்னு இவன் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கான். கடிச்ச உடனேதானே வெச்சேன்... உனக்கும் இதைத் தொலைச்சிருக்கணும் கஸ்தூரி."