ஓய்வுநாள் ரொட்டி

சனிக்கிழமை மாலை. விற்காமல் கிடந்த ரொட்டிகளைப் பேக்கரிக்காரரின் மனைவி எண்ணிப் பார்த்தாள்.

"எதிர்ல வந்த சூப்பர் மார்க்கெட் ஞாயித்துக்கிழமையும் திறக்குறான். நாமளும் அரை நாளாவது திறந்தா என்னங்க?"

"ஆண்டவரோட நாள்ல நான் கல்லாவைத் தொட மாட்டேன். நம்ம சபை இருக்கு. அவங்கல்லாம் நம்மள விட்டுட்டு அங்க போய் நிப்பாங்களா?"

மறுநாள் ஆராதனை கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது. பிரசங்கத்தில் போதகர் பேக்கரிக்காரரையே கைகாட்டினார். "கடை நொடிச்சாலும் சரின்னு ஓய்வுநாளைக் காக்கிறாரு நம்ம அண்ணன். இப்படிப்பட்டவங்களைத் தாங்கத்தான் சபை!"

எல்லாரும் ஆமென் என்றார்கள். அவர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார்.

திருவிருந்தில் எல்லாருக்கும் பிட்டுக் கொடுப்பது எப்போதும் அவர் கடை ரொட்டிதான். இன்று துண்டை வாயில் வைத்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனித்தது. அவர் பிசையும் மாவில் சர்க்கரையே கிடையாது.

ஆராதனை முடிந்ததும் சபை ஊழியரைப் பிடித்தார். "தம்பி, ரொட்டி ஏது?"

"மன்னிச்சுக்குங்கண்ணே, நேத்து உங்ககிட்ட வாங்க மறந்துட்டேன். காலையில ஓடி வந்தா உங்க கடை பூட்டியிருக்கு. நல்லவேளை, எதிர்ல திறந்திருந்துச்சு. அதான் ஆராதனைக்கே லேட்டு."

"ஒரு ரொட்டி வாங்க அவ்வளவு நேரமா?"

"வரிசைண்ணே! பாதிச் சபை எனக்கு முன்னாடி நிக்குது. போதகரம்மாதான் 'திருவிருந்துக்காச்சே'ன்னு எனக்கு வழி விட்டாங்க."

வீடு திரும்பும் வழியில் மனைவி மெல்லக் கேட்டாள்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து திறப்போமா?"

"யாருக்கு?" என்றார் அவர்.