ஐந்தாவது மூக்கு

கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் உறை ஒன்றை மூன்று வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதில் சுற்றிய மீன் ஆறு நாள் ஆனாலும் கெடாது. அதை நிரூபிக்க, உறையில்லாமல் வைத்த மீனையும் பக்கத்தில் வைத்து ஐந்து பேர் முகர்ந்து சொல்லவேண்டும். அன்று ஒருவர் வரவில்லை. ஆய்வகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ரெஜினா அக்காவை உட்காரவைத்தேன்.

"எது சாப்பிடலாம், எது ஆகாதுன்னு சொன்னா போதும்க்கா."

உறையிலிருந்து எடுத்த மீனை முகர்ந்ததும் முகம் சுளித்தார். "என்னவோ மருந்து நாத்தம் அடிக்குது மேடம். இது ஆகாது."

அடுத்த தட்டு உறையில்லாத மீன். மற்ற நால்வரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றது இதை முகர்ந்துதான். அக்கா குனிந்து நிதானமாக முகர்ந்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு? புளி கொஞ்சம் கூடப் போட்டுக் கொழம்பு வெச்சா ஒண்ணும் தெரியாது. நாங்க வாங்குறது இதைவிட மோசமா இருக்கும்."

நால்வரும் சிரித்தார்கள். நானும்தான். 'முகர்திறன் நம்பத்தகுந்ததல்ல' என்று எழுதி அவர் சொன்னதைக் குறித்திருந்த தாளைக் குறுக்கே அடித்தேன். இரண்டு தட்டு மீனையும் குப்பையில் கொட்டிவிடச் சொல்லி அக்காவிடமே கொடுத்தேன்.

சாயங்காலம் குப்பைத்தொட்டியைத் திறந்தபோது கிராம்பு மணந்தது. அக்கா வீட்டுக்குக் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது. தொட்டிக்குள் ஒரு மீன்தான் கிடந்தது, நாங்கள் கெடாமல் காப்பாற்றியது.