உள்பக்கத் தாழ்ப்பாள்

“எனக்கு இதுல சம்மதம் இல்ல சார்.”

சமையலறை வாசலில் நின்றபடி அவள் இதைச் சொன்னதும் மாமியாருக்கு டீ புரையேறிவிட்டது.

விசாரணைக்கு வந்திருந்த போலீஸ்காரர் பேனாவை மூடினார். போலீஸ் வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போது வீடு தேடி வந்து விசாரிப்பது அவர்கள் வழக்கம். அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை, பெற்றவளிடம் நாலு வார்த்தை. கடைசியாகக் கட்டினவளிடம் ‘உனக்குச் சம்மதமா’ என்று ஒரு கேள்வி. இல்லை என்று சொன்னவளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாடி வீட்டுக்காரர்கூட, “தங்கமான பிள்ளை சார். ராத்திரியானா டி.வி.யை அலற விடுவான், அது ஒண்ணுதான் குறை. மத்தபடி அந்த வீட்டுல சண்டைன்னு ஒரு சத்தம் கேட்டதில்ல” என்றிருந்தார்.

பிள்ளையாண்டானும் லேசுப்பட்டவனில்லை. ஓட்டத்தில் முதல் ஆள், எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டான். பார்சல் கம்பெனியில் மூட்டை தூக்கியே முதுகு தேய்கிறவனுக்கு இதைவிட்டால் வேறு கதி ஏது? வயசு வரம்பும் இந்த வருஷத்தோடு சரி.

“பைத்தியமாடி உனக்கு?” மாமியார் எழுந்தேவிட்டாள். “கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாம பண்றியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

“விடும்மா, அவ பயப்படுறா” என்று சிரித்தான் புருஷன். பாவம், பொறுமைசாலி.

போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்தது. “என் சம்சாரமும் முதல்ல அழுதாம்மா. போன மனுஷன் முழுசா திரும்பி வருவானான்னு பயம். இப்ப, ‘இன்னுமா கிளம்பலை’ன்னு அவளே விரட்டுறா.”

அவள் சிரிக்கவில்லை.

“சார், ராத்திரியில பொம்பளைங்க ஸ்டேஷனுக்கு வருவாங்களா?”

“வருவாங்கம்மா.”

“தனியாவா?”

“பாதிப் பேர் தனியாத்தான் வருவாங்க. ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவோம்.”

“அவங்ககிட்ட யார் பேசுவாங்க?”

“டியூட்டியில யார் இருக்காங்களோ அவங்கதான். நாளைக்கு உன் வீட்டுக்காரரும் பேசுவாரு.”

“அதான் சார் வேணாங்கிறேன்.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “கேட்டீங்களா சார்? சந்தேகம்! புருஷன் கொஞ்சம் லட்சணமா வாய்ச்சா, எவ பக்கத்துல போயிடுவானோன்னு இவளுக்கு வயித்தெரிச்சல்!”

சே, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது போலீஸ்காரருக்கு. ஒரு சந்தேகப் பிராணியிடம் ஒருத்தன் பிழைப்பு போய் மாட்டிக்கொண்டதே என்று எரிச்சலாக வந்தது.

“நீங்க உக்காருங்க, நான் தனியா பேசிப் பாக்கிறேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடும்மா” என்று அவள் பின்னாலேயே போனார்.

ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத சமையலறை. அவள் பானையில் தண்ணீர் மொண்டாள். பேச்சு கூடத்துக்குக் கேட்க வேண்டாமே என்று அவர் கதவைச் சாத்தினார். சாத்திய கை அப்படியே நின்றுவிட்டது.

கதவின் உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. நடுத் தாழ்ப்பாளைச் சுற்றி மரம் பிளந்திருந்தது. பக்கத்தில் பழைய ஆணி ஓட்டைகள். பிய்ந்து வந்ததை இடம் மாற்றித் திரும்ப அடித்திருக்கிறார்கள். அடுப்புக்குக் கீழே சுருட்டிய பாயும் ஒரு தலையணையும்.

“சமையல்கட்டுக்கு எதுக்கும்மா உள்பக்கம் இத்தனை தாழ்ப்பாள்?”

“அவர் டி.வி. சத்தத்தை ஏத்தினதும் உள்ள வந்து போட்டுக்குவேன் சார்.”

கூடத்தில் புருஷனும் மாமியாரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப... அவன் போலீஸாயிட்டா உன்னை இன்னும் கொடுமைப்படுத்துவான்னு பயப்படுறியாம்மா?”

“என்னை விடுங்க சார். இப்ப நீங்க படியிறங்கினதும் எனக்கு என்ன கிடைக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். எனக்காவது இந்தத் தாழ்ப்பாள் இருக்கு.”

தம்ளரை அவரிடம் நீட்டினாள்.

“இதுவும் இல்லாத ஒருத்தி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உங்க ஸ்டேஷனுக்கு ஓடி வருவா சார். அவ வந்து நிக்கும்போது, எதிர்ல நாற்காலியில இவர் உக்காந்திருக்கக் கூடாது.”