தோழி வேஷம்

"கதாநாயகி கிடக்கட்டும் பாய். தோழியா யாரு நடிக்கிறா?"

மாடசாமி முதன்முதலில் இப்படிக் கேட்டபோது மீரான் சிரித்துவிட்டார்.

"ஏண்ணே, ஊரே கதாநாயகி யாருன்னு கேக்குது. உங்களுக்கு எதுக்குத் தோழி?"

"அம்புஜம்னு ஒரு பொண்ணு. சண்டைக்கு முன்னாடி கீழ தாப்பா கொட்டகையில ஓடின படத்துல குடம் தூக்கிட்டு வருவா. 'அக்கா, பொழுது சாயுது'ன்னு ஒரே ஒரு வார்த்தை பேசுவா. இந்தப் படத்துல அவளுக்கு ஏதாச்சும் கிடைச்சுதா?"

"கிடைச்சிருக்குண்ணே. விசிறி வீசுற வேஷம்" என்று மீரான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"சாப்பாடு போட்டுருவாங்கல்ல, கம்பெனியில?"

அது ஜப்பான்காரன் வந்த முதல் வருஷம். இப்போது இரண்டாவது வருஷமும் முடியப்போகிறது. ரிங்லெட் மலையூரில் மீரானின் சாப்பாட்டுக்கடையில் அரிசியும் இல்லை, சீனியும் இல்லை. அவித்த மரவள்ளியும் கறுப்புக் காப்பியும்தான். மரவள்ளி தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே கிடைக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இங்கே நடந்து வந்தார்கள் என்றால், மீரான் சொல்லும் சினிமாச் சேதிக்காகத்தான்.

எல்லாம் ஈப்போ பட்டணத்து லோரிக்காரன் சொன்னது என்பார் அவர். உண்மையில், அடுப்பில் கிழங்கு வேகும் நேரத்தில் அவரே கட்டிவிட்டவை. சேதி நின்றால் கூட்டம் நிற்கும். கூட்டம் நின்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த ஞாயிறும் பெஞ்சுகள் நிறைந்திருந்தன.

"புதுசா ஒரு ராணி கதை எடுக்கிறாங்க" என்று மீரான் ஆரம்பித்தார். "ராணி வேஷத்துக்கு ரெண்டு பேருக்குள்ள போட்டி. ஒருத்தி யானை மேல ஏற மாட்டேன்னுட்டாளாம்."

"அப்ப யானைய மாத்தச் சொல்லுங்க லா!" என்றான் தேயிலை ஆலையில் வேலை பார்க்கும் சுப்பிரமணியம். கடையே சிரித்தது.

"அம்புஜம்?" மூலையிலிருந்து மாடசாமியின் குரல்.

"ராணிக்குச் சாமரம் வீசறது அவதாண்ணே."

"குடம், விசிறி, இப்பச் சாமரமா!" சுப்பிரமணியம் தொடையைத் தட்டினான். "மாமாவுக்கு அவ மேல ஒரு கண்ணு பாய். சண்டை முடியட்டும், மொதக் கப்பல்ல ஏறிப் பொண்ணு கேக்கப் போறாரு பாருங்க!"

மாடசாமி கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

அப்போது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான் டிரைவர் கந்தன்.

"ஈப்போ லோரியா? வாங்கண்ணே!" சுப்பிரமணியம் இடம் விட்டான். "ஒங்க ஆளு சொன்ன சினிமாச் சேதிதான் ஓடிக்கிட்டு இருக்கு."

"சினிமாச் சேதியா?" கந்தன் விழித்தான். "இந்தியாக் கப்பல் வந்தே ரெண்டு வருஷமாச்சு. ஈப்போவுல ஜப்பான் படந்தான் ஓடுது. எந்த லோரிக்காரன் சொன்னான்?"

எல்லா முகமும் மீரான் பக்கம் திரும்பியது.

"நேத்து வந்தவன் சொன்னான்" என்றார் மாடசாமி, நிதானமாக. "செவத்த ஆளு. மேல தானா ராத்தா ஊருக்குக் காய்கறி ஏத்தப் போனான். பக்கத்துல நானும்தான் இருந்தேன். ஈப்போ லோரிக்காரன் அத்தனை பேரையும் ஒனக்குத் தெரியுமா தம்பி?"

கந்தன் தோளைக் குலுக்கினான். "இருக்கும் லா. எனக்கு ஒரு காப்பி போடுங்க பாய்."

பேச்சு மறுபடி யானைக்குத் திரும்பியது. மீரானுக்கு மூச்சு வந்தது. ஆனால் நேற்று எந்த லோரியும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகும் மாடசாமி எழுந்திருக்கவில்லை. மீரான் எதிரில் வந்து உட்கார்ந்தார். இந்த அப்பாவி மனுஷனிடம் இனியும் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, நான் இத்தனை நாளாச் சொன்னதெல்லாம்..."

"தெரியும் பாய்."

"எப்பருந்து?"

"மொத நாள்லேர்ந்து. கப்பல் வந்திருந்தா எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்குமே."

"பொய்யின்னு தெரிஞ்சுமா வாராவாரம் வந்து கேட்டீங்க?"

மாடசாமி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன் பாய். வாய் வரல."

"கேளுங்கண்ணே."

"அடுத்த ஞாயிறு சேதி சொல்றப்ப நடுவுல ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க. அம்புஜம், 'மலையில எங்கப்பா மாடசாமி நல்லாருக்காரா'ன்னு விசாரிச்சான்னு..."