பின்னால் யாருமில்லை

விண்வெளிச் சண்டை விளையாட்டில் ஒருவர் எதிரியைத் துரத்தும்போது மற்றவர் அவர் முதுகைக் காக்க வேண்டும். சூரமங்கலத்து சபீஹாவும் திருச்செங்கோட்டுத் தனப்பிரியாவும் ஆன்லைனில் சேர்ந்து அதைத்தான் பழகிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று தனப்பிரியா துரத்தினாள். "பொறகால ஆராச்சும் வாராங்களா பாருங்க" என்று ஹெட்செட்டில் கேட்டாள். சபீஹாவுக்கு அப்போதுதான் சுலபமான எதிரி ஒன்று சிக்கியிருந்தது. பார்க்காமலே "யாருமில்ல" என்றாள். அடுத்த நொடி தனப்பிரியாவின் விண்கலம் வெடித்துச் சிதறியது.

"உடுங்க, வெளையாட்டுதானுங்க" என்று தனப்பிரியா சிரித்தாள். சபீஹாவுக்கு அந்தச் சிரிப்பு இரவெல்லாம் உறுத்தியது.

மன்னிப்புக் கேட்கக் காலையில் வீடியோ காலில் அழைத்தாள். தனப்பிரியா போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியோட வெளியூரு போயிட்டாருங்க. ஊட்டுல நான் மட்டுந்தான். நேத்துல இருந்து பொறகால ஆரோ நிக்கறாப்புலயே இருக்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சபீஹா இந்த முறை நன்றாகப் பார்த்தாள். தனப்பிரியாவின் தோளுக்கு மேல் இன்னொரு முகம் இருந்தது. அது தனப்பிரியாவைப் பார்க்கவில்லை. திரை வழியாகச் சபீஹாவையே பார்த்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது.

"யாருமில்ல" என்றாள் சபீஹா.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று தனப்பிரியா தோசையைத் திருப்பிப் போட்டாள்.