சுண்ணாம்பு வட்டம்

ஞாயிறு காலை ஓட வருகிறவர்களுக்காக, பறவைகள் தங்கும் எங்கள் ஊர் ஏரிக்கரை நெடுக வெள்ளைக் கோடு போடும் வேலை எனக்கும் பூங்காவனத்துக்கும். பாதி வழியில், பாதை நடுவிலேயே ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் நான்கு கிடந்தன. கூழாங்கல் மாதிரியே இருந்தன. மிதித்த பிறகுதான் முட்டையென்று தெரியும்.

"கோட்ட அந்தாண்ட திருப்பிடுய்யா" என்றாள் பூங்காவனம்.

கரையை விட்டு இறக்கித் திருப்பினால் அரை மைல் சுற்று. எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஒரு பிடி சுண்ணாம்பை அள்ளி முட்டைகளைச் சுற்றி வட்டம் போட்டேன். ரோடு வேலையில் பள்ளத்துக்கு அப்படித்தான் போடுவோம்.

மறுநாள் இருநூறு பேர் ஓடினார்கள். ஒருவர் கால்கூட உள்ளே படவில்லை. "சூப்பர்ண்ணே!" என்று ஒருவர் கைகாட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் போன பிறகும் குருவி முட்டைமேல் உட்காரவில்லை. வட்டத்தின் ஓரம்வரை வரும், வெள்ளையைப் பார்க்கும், கத்திக்கொண்டே எழும்பிவிடும்.

"உன் வூட்டச் சுத்தி எவனாவது இப்படிப் போட்டா நீ உள்ள போவியா?" என்றாள் பூங்காவனம்.

வட்டத்தை அழிக்கப் போனேன். பனியில் சுண்ணாம்பு இறுகியிருந்தது. கால்விரலால் கீறினேன், வெள்ளைதான் இன்னும் அகலமாயிற்று. வெயில் ஏறியது. ஒரு முட்டையைத் தொட்டேன், சுட்டது. எழுந்தபோது என் நிழல் நான்கின்மேலும் விழுந்தது.

"வந்துடுய்யா, நீ நின்னா அது வராது."

நகர்ந்தால் வெயில் படும். நான் அங்கேயே நின்றேன். குருவி தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது.